கண்டியிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இடங்கள்

கீழ்ப்பிரிவு லயம்,
ரம்புக்கனை.
11.06.1996

அன்புள்ள ஷாமிளா அக்காவுக்கு,

தங்கை விஜயகலா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. ஆனால் இனிமேல் தோட்டத்து விலாசத்துக்கு எழுதாதே. நீ மஹ்ரூபைக் கட்டிக்கொண்டு போய்ப் பதினான்கு மாதத்தில் இங்கே உள்ள வழக்கத்தை மறந்துவிட்டாயா? தபால் எல்லாம் ஆபீசுக்குத்தான் வருகிறது. கணக்கப்பிள்ளை காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது பெரட்டுக்களத்தில் நின்று, எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுக்கிறார். நல்ல வேளையாக அப்பா அன்றைக்கு முதல் ஆளாக மலைக்கு ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இலட்சுமி அக்கா முந்திக்கொண்டு கை நீட்டியிருக்கிறாள். "கண்டி முத்திர குத்தியிருக்கே, கண்டியில யாரு இருக்கா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம். "ஸ்கூல் காயிதமுங்க" என்று வாங்கி வந்துவிட்டாள்.

இனி சந்தியில் அஸீஸ் நானா கடைக்கு எழுது. அவர் மகள் நூரியா என்னோடு படிக்கிறாள். அவள் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவாள்.

வீட்டில் உன் பேரைச் சொல்வதில்லை. போன மாதம் கிராம சேவகர் ஓட்டு லிஸ்ட் எழுத வந்தார். "எனக்கு ஒரு மகதாங்க" என்றார் அப்பா. "தாள்ல ரெண்டு இருக்கே, சின்னத்தம்பி?" என்று அவர் கேட்டார். "தாளு பழசுங்க" என்றார் அப்பா.

உன் வீட்டுக்காரர் ரயிலில் வடை விற்கிறார் என்று நூரியா சொல்கிறாள். உண்மையா? கீழே ரயில் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதில் அவர் இருப்பாரோ என்று நினைப்பேன். முகம்தான் தெரியாது.

அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். குப்பி லாம்பு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் ஊதி அணைக்கிறேன். மூன்று தடவை அணைத்தாயிற்று. எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் தங்கை,
கலா


கண்டி.
20.06.1996

அன்புள்ள கலாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். உனக்குப் போன வருடம் போல இருமல் வராமல் இருக்கிறதா? மழையில் நனையாதே.

உண்மைதான். அவர் ரயிலில் வடை விற்கிறார். எங்கள் அறை கண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. ஒலிபெருக்கியில் சொல்வதெல்லாம் படுத்துக்கொண்டே கேட்கலாம். எந்த ரயில் எந்த மேடைக்கு வருகிறது என்று எனக்கு மனப்பாடம்.

நீ ஒரு தடவை வந்தால் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகிறேன். கண்டியிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன. மூன்றாம் வகுப்பில் போனால் பஸ்ஸைவிட மலிவு. மாத்தளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் வத்துகாமத்தில் கொய்யாப்பழம் ஏறும் என்று அவர் சொல்கிறார். மாத்தளையில் இறங்கினால் மாரியம்மன் கோயில் நடந்து போகிற தூரம். பேராதனையில் பூந்தோட்டம் இருக்கிறது. தோட்டத்து வாசலுக்கு எதிரே விற்கிற அன்னாசியை வாங்கக் கூடாதாம், உள்ளே இருந்து வெளியே வந்த பிறகுதான் பாதி விலைக்குத் தருவார்களாம். நாவலப்பிட்டிக்குப் போவதென்றால் காலை ரயில்தான், சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். பாணும் சம்பலும் போதும். ஸ்டேஷனில் தேத்தண்ணி வாங்கினால் அது ஒரு டிக்கெட் காசு.

எல்லாவற்றையும்விட அழகு ரம்புக்கனைப் பாதைதான் என்கிறார். கடுகண்ணாவ தாண்டினால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் உட்கார வேண்டும். அது உன் ஊருக்கு வருகிற பாதை.

மாதம் ஒரு இடம் என்று வைத்தால் வருடத்துக்குப் பன்னிரண்டு. நீயும் யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா


கீழ்ப்பிரிவு லயம்.
03.07.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் பற்றி எழுது. இருமல் இல்லை.

உன் கடிதத்தைப் புவியியல் புத்தகத்தில் இலங்கைப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். ரயில் பாதை கறுப்புக் கோடாக இருக்கிறது. மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. எனக்கு முதலில் மாத்தளை. நூரியாவுக்கும் ஆசை, ஆனால் அவள் வாப்பா விடமாட்டார்.

ஒரு சந்தேகம். எல்லா இடத்தைப் பற்றியும் "அவர் சொல்கிறார்" என்றே எழுதியிருக்கிறாய். நீ எங்கெல்லாம் போனாய்? கோயில் தேர் என்ன நிறம்?

இங்கே நேரத் தகராறு இன்னும் தீரவில்லை. மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னது அல்லவா? ஸ்கூலும் கடையும் புது நேரம். தோட்டத்தில் பெரட்டு மட்டும் பழைய நேரம், வெயில் ஏறினால் ரப்பர் பால் வராது என்று. அப்பா சுவர்க் கடிகாரத்தைத் தொட விடவில்லை. "கவர்மெண்டு சொன்னா சூரியன் கேக்குமா?" என்கிறார். நான் தினமும் ஒரு மணி நேரம் கூட்டிப் பார்த்துத்தான் ஸ்கூலுக்கு ஓடுகிறேன்.

உன் தங்கை,
கலா


கீழ்ப்பிரிவு லயம்.
14.08.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை.

போன மாதம் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்ததிலிருந்து ரம்புக்கனை ஸ்டேஷனிலும் பொலிஸ் நிற்கிறது. பையைத் திறந்து பார்க்கிறார்கள். அஸீஸ் நானா கடைக்கு எதிரே ஊர்காவல்காரர் இருவர் நிற்கிறார்கள். வடை விற்கிறவர்களை ரயிலில் ஏற விடுவதில்லை என்று அஸீஸ் நானா சொன்னார். அப்படியானால் உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?

தேரின் நிறம் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு வரி எழுது. இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

கலா


கண்டி.
02.09.1996

அன்புள்ள கலாவுக்கு,

இருக்கிறேன். பயப்படாதே. கொஞ்சம் காய்ச்சலும் வாந்தியும் இருந்தது, இப்போது தேவலை. வடை விற்க மூன்று வாரம் விடவில்லை, இப்போது விடுகிறார்கள். எண்ணெய் வாசம்தான் எனக்கு ஆகவில்லை, அவர் சட்டியை அடுப்பில் வைத்தால் நான் வெளியே போய் நின்றுவிடுவேன்.

உன்னிடம் மறைப்பானேன். நான் எங்கேயும் போனதில்லை. மாத்தளை, நாவலப்பிட்டி எல்லாம் அவர் வந்து சொல்லக் கேட்டதுதான்.

பெப்ரவரியில் பேராதனைக்கு ஒரு தடவை கிளம்பினேன். ஸ்டேஷன் வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். என் அட்டை அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. வீட்டைவிட்டு வந்த அன்று உடுத்தியிருந்த துணி மட்டும்தானே கொண்டுவந்தேன். எந்த ஊர் என்றார்கள், தமிழா என்றார்கள், மாலை வரை பொலிசில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. அவர் வீட்டுச் சொந்தக்காரரைக் கூட்டி வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார். அதற்குப் பிறகு மணிக்கூண்டைத் தாண்டி நான் போனதில்லை. புது அட்டை எடுக்கப் பிறப்புப் பத்திரமும் தோட்டத்து ஆபீஸ் கடிதமும் வேண்டுமாம். அதுவும் அப்பாவைத் தாண்டித்தான்.

இதை உன்னைக் கேட்பதற்காக எழுதவில்லை. நீ கேட்டதால் எழுதினேன். இனிமேல் மாதம் ஒரு தடவையாவது பேராதனைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது, அதுதான் யோசனை.

உடம்பைப் பார்த்துக்கொள். படி.

அக்கா


கீழ்ப்பிரிவு லயம்.
10.09.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காய்ச்சல் முழுவதும் போய்விட்டதா? இங்கே நலம்.

பூந்தோட்டத்துக்கு மாதாமாதம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அட்டையை நான் எடுத்துத் தருகிறேன். இதை எழுதிவிட்டேன், இனி மாற்ற மாட்டேன்.

பெட்டிச் சாவி அப்பாவின் இடுப்புக் கயிற்றில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீரில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவார். போன ஞாயிறு திறந்து பார்த்தேன். அம்மாவின் சேலைக்கு அடியில் பிரஜாவுரிமைப் பத்திரமும் அம்மாவின் மரணப் பத்திரமும் இருக்கின்றன. அதற்கும் கீழே ஒரு கவரில் உன் அட்டை. எடுக்கவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பெட்டியைத் திரும்பப் பூட்டினேன். அப்பா பீலியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடுவதை நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

எப்படி அனுப்புவது? தபாலில் போட்டால் திறந்து பார்க்கிறார்கள். அஸீஸ் நானாவிடம் மெல்லக் கேட்டேன். "மகள், காயிதம்னா ஆயிரம் குடுங்க, வாங்கி வைக்கிறேன். இன்னொரு ஆள்ட ஐடென்டிட்டி கார்ட் என்ட கடையில கெடந்தா, கடையையும் என்னையும் சேர்த்துத்தான் தூக்கிட்டுப் போவாங்க" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

ஞாயிறு காலையில் ஸ்டேஷன் பக்கத்தில் எனக்கு டியூஷன் இருக்கிறது. யோசித்து எழுது.

கலா


கண்டி.
19.09.1996

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் தூக்கமில்லை. வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

அவரே வருவார். கண்டிக்கு ஏறுகிற ரயில்கள் ரம்புக்கனையில் கொஞ்ச நேரம் நிற்கும், மலை ஏறப் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டுவார்கள். அப்போது அவர் இறங்கி மேடையில் வடை விற்பார். நீல மூடி போட்ட கூடை. இடது புருவத்தில் வெட்டுக்காயம் இருக்கும். இரண்டு வடை கேள். காசோடு சேர்த்து அட்டையைக் கொடுத்துவிடு. வேறு பேச்சு வேண்டாம், யாராவது அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள்.

29ஆம் திகதி ஞாயிறு. காலை ஒன்பதேகால்.

பயமாக இருந்தால் வடையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அக்கா


கீழ்ப்பிரிவு லயம்.
30.09.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நடந்ததை எழுதுகிறேன்.

22ஆம் திகதி அப்பா குளிக்கும்போது அட்டையை எடுத்துவிட்டேன். ஒரு வாரம் சட்டைக்குள் வைத்தே தூங்கினேன். நேற்று வீட்டுக் கடிகாரத்தில் எட்டேகாலுக்கெல்லாம் ஸ்டேஷனில் இருந்தேன். ஸ்டேஷன் கடிகாரத்தில் சரியாக ஒன்பதேகால். மேடையில் யாரும் இல்லை, ஒரு மீன்காரரும் ஒரு நாயும்தான். ரயில் தாமதம் என்று நினைத்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று.

ஊர்காவல்காரர் ஒருவர் வந்து சிங்களத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டார். டியூஷன் என்றேன். "இங்கே யார் படிப்பிக்கிறது? ஸ்டேஷன் மாஸ்டரா?" என்று சிரித்தார். பிறகு பையைக் காட்டச் சொன்னார். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அட்டை பையில் இல்லை, என் மேல்தான் இருந்தது. வீட்டுக்குப் போ நங்கி, இங்கே உட்காராதே என்றார். போய்விட்டேன். பாலத்தடியில் நின்று அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

சந்திக்கு வரும்போது பின்னால் ரயில் வந்த சத்தம் கேட்டது. திரும்பிப் போக எனக்குத் தைரியம் இல்லை, அக்கா. நீ என்னை மன்னிக்க வேண்டும்.

அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பா பெட்டியை எப்போது திறப்பார் என்று தெரியவில்லை.

கலா


கண்டி.
08.10.1996

அன்புள்ள கலாவுக்கு,

தவறு உன்னுடையது அல்ல. ரயில் பத்தேகாலுக்கு. உங்கள் வீட்டில் பழைய நேரம் என்று நீ எழுதியிருந்தாயே, உனக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே ஒரு மணி நேரத்தைக் கழித்து ஒன்பதேகால் என்று எழுதிவிட்டேன். நீ அதை ரயில் நேரம் என்று நினைத்து இன்னொரு மணி நேரத்தைக் கழித்திருக்கிறாய். அவர் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் கணக்குல கெட்டி" என்றார். சிரிக்கவும் முடியவில்லை.

அவர் நீல மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ரயில் கிளம்பும் வரை மேடையில் நின்றிருக்கிறார். ஸ்கூல் பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் கூடையை நீட்டினாராம். பதினாறு வடை ஓசியில் போய்விட்டது.

மறுபடி வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீயாக வருவதென்றால் 20ஆம் திகதி ஞாயிறு, ஸ்டேஷன் கடிகாரத்தில் பத்தேகால். பத்துக்கு முன்னால் மேடைக்குப் போகாதே.

அக்கா


கீழ்ப்பிரிவு லயம்.
21.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்.

கொடுத்துவிட்டேன். இந்நேரம் உன் கையில் இருக்கும்.

மச்சானுக்குப் புருவத்தில் மட்டுமல்ல, கையிலும் எண்ணெய் பட்ட தழும்பு இருக்கிறது. நீ அதை எழுதவில்லை. நான் ஐம்பது ரூபாய்த் தாளுக்குள் அட்டையை வைத்து மடித்துக் கொடுத்தேன். அவர் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு, "சில்லற இல்லியா தங்கச்சி, காலங்காத்தால அம்பது ரூவாயா?" என்று சத்தமாகத் திட்டினார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரும் சிரித்தார். மீதியை எண்ணும்போது குனிந்து, "ரொம்ப நன்றி" என்றார். வடை நன்றாக இருந்தது.

அப்பா பெட்டியைத் திறக்கவில்லை.

கலா


கண்டி.
05.11.1996

அன்புள்ள கலாவுக்கு,

நலம். உனக்கு நான் என்ன எழுதுவது. போட்டோவில் எனக்குப் பதினாறு வயது, ரெட்டைச் சடை. ஸ்டேஷன் வாசலில் இருந்த பெண் பொலிஸ் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இது நீதானா என்று கேட்டாள். நான்தான் என்றேன். போ என்றாள். அவ்வளவுதான்.

போன வாரம் மாத்தளைக்குப் போய்வந்தேன். தேர் கொட்டகைக்குள் பூட்டியிருந்தது, நிறம் பார்க்க முடியவில்லை. கொய்யாப்பழம் வத்துகாமத்தில் இல்லை, கட்டுகஸ்தோட்டையில்தான் ஏறியது. உன் மச்சான் சொல்வதை இனி அப்படியே நம்ப மாட்டேன். பேராதனைக்கும் போனேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார்கள்.

இனி உன் முறை. 17ஆம் திகதி ஞாயிறு நான் ரம்புக்கனைக்கு வருகிறேன். காலை பத்துக்கு இறங்கினால் திரும்பும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. மேடைக் கடைசியில் உள்ள பெஞ்சில் இருப்பேன். டியூஷனுக்கு ஒரு நாள் போகாவிட்டால் பரவாயில்லை. நேரம் எல்லாம் ஸ்டேஷன் கடிகாரப்படி. இப்போது அதிலும் அரை மணியைக் குறைத்திருக்கிறார்கள், கவனம்.

உன்னிடம் நேரில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

அக்கா


கீழ்ப்பிரிவு லயம்.
18.11.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தாயா? நேற்று நான் வரவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை கணக்கப்பிள்ளை சேமலாப நிதிப் பத்திரம் கேட்டார் என்று அப்பா பெட்டியைத் திறந்தார். அந்தக் கவரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக என் புத்தகங்களிடம் போய், புவியியல் புத்தகத்திலிருந்து உன் கடிதங்களை எடுத்தார். அப்பா எழுத்துக் கூட்டித்தானே படிப்பார். வாய்விட்டு எல்லாவற்றையும் படித்தார். மாத்தளை, வத்துகாமம், அன்னாசி, பொலிசில் உட்கார வைத்தது, எல்லாம். பொலிஸ் வந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். நான் அடுப்படியில் நின்றேன். அடிப்பார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. கடைசிக் கடிதத்தில் திகதியைப் பார்த்துவிட்டு, "நாளைக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

காலையில் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். "நீ எங்கயும் போவக் கூடாது" என்று சொல்லி, வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போனார். ஜன்னல் வழியாக இலட்சுமி அக்காவைக் கூப்பிட்டு, அப்பா ஸ்டேஷனில் உன்னோடு சண்டை போடப் போகிறார், யாரையாவது ஓடச் சொல் என்று அழுதேன். அவள், "சண்டைக்குப் போறவன் சட்டைக்கு நீலம் போட்டுக்கிட்டா போவான்? சும்மா இரு புள்ள" என்றாள். ஆனாலும் அவளும் வேலிப் பக்கம் போய்ப் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மத்தியானம் திரும்பி வந்தார். கொண்டியை எடுத்தார். தேத்தண்ணி கேட்டார். குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"பார்சல் ரூமுக்கு அந்தாண்ட நின்னேன். அவ பாக்கல."

நான் கோப்பையை எடுத்தேன்.

"அஞ்சு மாசம் இருக்கும் போல. ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அக்கா, எனக்கு உண்மையிலேயே தெரியாது. பேராதனைக்கு மாதாமாதம் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு என்று இப்போதுதான் புரிகிறது.

"ரெண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சுலயே ஒக்காந்திருக்கா. ஒரு வாய் ஒண்ணும் வாங்கித் திங்கல. வாயும் வயிறுமா இருக்கிறவ" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ரயில் ஏறும் வரை பார்த்தாரா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த தடவை நானும் வரட்டுமா என்று கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆனால் இன்றைக்குக் காலையில் பெரட்டுக்குப் போகும்போது, அடுத்து எந்த ஞாயிறு என்று கேட்டார்.

நீ எழுது, நான் சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். மச்சானைக் கேட்டதாகச் சொல். வரும்போது மேடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிடு. அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் தங்கை,
கலா